கணினி கேள்வி-பதில்: கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் எமுலேட்டர்

பழைய பிளேஸ்டேஷன், கேம்கியூப், பிஎஸ்பி ஆகிய கன்சோல்களின், அதாவது விளையாட்டுக் கருவிகளின், விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்களைப் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, பிராசசரோடு சேர்ந்து வரும் ஆன்போர்டு கிராபிக்ஸ் மட்டுமே இருக்கிறது, விளையாட்டு நொண்டுகிறது என்பதே அது. ஆகவே இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எமுலேட்டர் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்தாலும், விளையாட்டுகளும், கன்சோலைத் தொடக்கிவைக்கும் பயாஸ் கோப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. உங்கள் சொந்த வட்டிலிருந்தும் சொந்தக் கன்சோலிலிருந்தும் எடுத்தவற்றையே பயன்படுத்துகிறீர்கள் என்று கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். எங்கே பதிவிறக்கலாம் என்று கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. அண்ணன் வாங்கிய பிளேஸ்டேஷன் 2-இல் வட்டு படிக்கும் லென்ஸ் பழுதாகிவிட்டதால், வட்டுகளைப் படியெடுத்து என் மடிக்கணினியில் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் வழியாக விளையாடுகிறேன். இன்டெல் ஐ5-8250யு பிராசசர், யுஎச்டி 620 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம். ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 3 மடங்காக வைத்திருக்கிறேன். வேகம் 70 விழுக்காட்டைத் தாண்ட மறுக்கிறது. பின்னணி இசையும் இழுத்து இழுத்துக் கேட்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இது ஆகாத காரியம் என்று நண்பர்கள் சொல்வது உண்மையா?
(கல்லூரி மாணவர், சோமனூர்)

பதில்: பாதி உண்மை. எந்த அமைப்பைத் தொடுவதற்கு முன்பும், உங்கள் கணினியில் மூச்சு வாங்குவது பிராசசரா, கிராபிக்ஸ் பிரிவா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் யாரோ யூடியூபில் காட்டிய அமைப்புகளை வரிசையாக மாற்றிக்கொண்டே போவதால்தான் பலர், படத்தின் தரத்தையும் இழந்து வேகமும் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மைப் பிராசசர் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதனுடன் இரண்டு வெக்டர் கணிப்பிரிவுகள் தனித்தனியே வேலை செய்தன. உங்கள் கணினியின் பிராசசர் இவை எல்லாவற்றின் கட்டளைகளையும் அந்தந்த நொடியிலேயே தன் மொழிக்கு மாற்றி இயக்க வேண்டியிருக்கிறது. படம் வரையும் சில்லின் கதை இன்னும் சுவையானது. அதற்குள்ளேயே பதித்திருந்த நினைவகம் வெறும் 4 எம்பிதான் என்றாலும், அந்த நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி அளவில் தரவைக் கொடுத்து வாங்க அதனால் முடிந்தது. உங்கள் மடிக்கணினியில் டிடிஆர்4-2400 ரேம் ஒன்று மட்டும் இருந்தால், மொத்தப் போக்குவரத்தே நொடிக்கு 19.2 ஜிபிதான், அதையும் பிராசசரும் கிராபிக்ஸ் பிரிவும் பங்கிட்டுக்கொள்கின்றன. கால் நூற்றாண்டுக்கு முந்தைய பெட்டியிடம் உங்கள் கணினி திணறுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சோதனை எளியது. விளையாட்டில் வழக்கமாக மெதுவாகும் ஓர் இடத்தில் சேமித்துக்கொண்டு, ரெசல்யூஷனை 3 மடங்கிலிருந்து இயல்பு நிலைக்கு இறக்கி, அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். வேகம் சட்டென்று ஏறினால் குற்றவாளி கிராபிக்ஸ் பிரிவு. அசையாமல் அப்படியே நின்றால் பிராசசர். எமுலேட்டரின் திரைக்காட்சி அமைப்புகளில் பிராசசர், கிராபிக்ஸ் பயன்பாட்டு அளவுகளைக் காட்டச் சொல்லி வைத்தால், எது 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

உங்கள் விஷயத்தில் கிராபிக்ஸ் பிரிவுதான் சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். 640-க்கு 448 என்ற இயல்பான அளவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படச்சட்டத்துக்கு, சுமார் 2.87 லட்சம் புள்ளிகள். 3 மடங்கு என்றால் நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்காகி, 25.8 லட்சம் புள்ளிகள். நீங்கள் கேட்டது மூன்று, கணினி சுமப்பது ஒன்பது. 1366-க்கு 768 திரையுள்ள மடிக்கணினியில் 2 மடங்குக்கு மேல் வைப்பதால் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே 2 மடங்கில் தொடங்குங்கள். அதுவும் போதாவிட்டால் இயல்பு நிலைக்கு இறங்கத் தயங்க வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிளெண்டிங் துல்லியம் என்னும் அமைப்பு. புகை, நிழல், கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் காட்சிகளை வரைய, பிளேஸ்டேஷன் 2 ஏற்கெனவே வரைந்த புள்ளியைப் படித்து அதன்மேலேயே கலந்து எழுதும். பதித்த நினைவகம் அவ்வளவு அகலமாக இருந்ததால் அதற்கு இது செலவே அன்று. கணினியின் கிராபிக்ஸ் பிரிவுக்கோ, வரைந்துகொண்டிருக்கும் படத்தையே திரும்பப் படிப்பது பெருஞ்செலவு. இந்த அமைப்பை அடிப்படை நிலைக்கு மேல் ஏற்றிவைத்திருந்தால், ரெசல்யூஷனைக் குறைத்தும் பயன் தெரியாமல் போகலாம். ஆகவே அடிப்படை நிலைக்கே இறக்கிவிடுங்கள். சில விளையாட்டுகளில் நிழலோ ஒளிவட்டமோ சற்றுப் பிழையாகத் தெரியும். ஓடாத விளையாட்டைவிட அது மேல்.

சோதனையில் பிராசசர்தான் மாட்டியது என்றால் வழி வேறு. உங்கள் பிராசசரில் 4 கோர்கள் இருப்பதால், வெக்டர் பிரிவின் வேலையைத் தனி இழையில் ஓட்டும் எம்டிவியூ அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் குறைந்தால், இஇ சைக்கிள் ரேட் என்பதை ஒரு படி குறைக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கன்சோலின் பிராசசரையே மெதுவாக ஓடுவதாகப் பாவித்துக் கணக்கைக் குறைக்கும் தந்திரம் இது. எமுலேட்டர் 100 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, விளையாட்டு தனக்குள் ஃபிரேம்களை விட்டுவிட்டு ஓடக்கூடும். எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

இசை இழுப்பது தனி நோய் அன்று. வேகம் குறையும்போது ஒலியை நீட்டி ஈடுகட்டுவதால் வரும் விளைவு அது; வேகம் சரியானால் தானே சரியாகும். இன்னொன்று, இந்தியாவில் விற்ற வட்டுகள் பெரும்பாலும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நொடிக்கு 50 ஃபிரேம் என்பதே முழு வேகம். 60 வரவில்லையே என்று கவலைப்பட்டு, நன்றாக ஓடுவதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதும் விழுக்காட்டைப் பாருங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று இருக்கிறது, இன்னொரு இடம் காலியாக உள்ளது. வன்வட்டும் பழையது. கையில் உள்ள பணத்துக்கு ரேம் அல்லது எஸ்எஸ்டி, ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும். எமுலேட்டருக்கு எது உதவும்?
(வாசகர், பெருந்துறை)

பதில்: எமுலேட்டருக்காக என்றால், தயங்காமல் ரேம். எஸ்எஸ்டி வந்தால் விண்டோஸ் விரைவாகத் திறக்கும், விளையாட்டு ஏறும் நேரம் குறையும், அன்றாட வேலைக்கு அது பெரும் நிம்மதிதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் ஃபிரேம் வேகத்தை அது கூட்டாது.

பெருந்துறைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு போகம் என்று முறைவைத்துத் தண்ணீர் விடுவது எதற்காக? எல்லா மதகுகளையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. உங்கள் கணினியில் ரேமிலிருந்து வரும் ஒரே வாய்க்காலில் பிராசசரும் கிராபிக்ஸ் பிரிவும் ஒரே நேரத்தில் மதகைத் திறந்து வைத்திருக்கின்றன. முறையெல்லாம் அங்கே இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதற்கென்று சொந்த நினைவகம், அதாவது தோட்டத்துக்குள்ளேயே கிணறு இருக்கும். ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு வாய்க்காலை விட்டால் வேறு கதி இல்லை. இரண்டாவது ரேமை மாட்டும்போது, முதல் வாய்க்காலின் அகலத்துக்கு நிகரான இன்னொரு வாய்க்கால் திறக்கிறது. டிடிஆர்4-2400 என்றால் 19.2 ஜிபி, 38.4 ஜிபியாகிறது, டிடிஆர்4-3200 என்றால் 25.6 ஜிபி, 51.2 ஜிபியாகிறது. இதைத்தான் கடைக்காரர்கள் டூயல் சேனல் என்கிறார்கள். பணத்துக்கு ஏற்ற பலன் இதைவிட வேறெதிலும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

வாங்கும்போது இருப்பதன் வகையையும் வேகத்தையும் அளவையும் ஒத்ததாகவே வாங்குங்கள். டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தில் வேகமும், எத்தனை இடங்கள் நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். 8 ஜிபியோடு 4 ஜிபியைச் சேர்த்தால் ஒரு பகுதி மட்டும் இரட்டை வழியிலும் மீதி ஒற்றை வழியிலும் ஓடும். ஒன்றும் சேர்க்காததற்கு அது பரவாயில்லை. கோவை காந்திபுரத்துக் கடை வரை போவதானால், கணினியையும் கையோடு எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

கணினியின் பயாஸ் அமைப்பில் கிராபிக்ஸுக்கென நினைவகம் ஒதுக்கும் இடத்தை 512 எம்பியாக மாற்றினால் வேகம் கூடுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கூடாது. தேவைப்படும்போது விண்டோஸே ரேமிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். நிரந்தரமாக ஒதுக்கிவைப்பது தொட்டியைப் பெரிதாக்கும், வாய்க்காலை அகலமாக்காது.

கேள்வி: விளையாட்டு முதல் பத்து நிமிடம் பட்டுப்போல ஓடுகிறது. அதன் பிறகு படிப்படியாகக் குறைந்து, அரை மணி நேரத்தில் விளையாடவே முடியாமல் போகிறது. கணினியை அணைத்து வைத்துவிட்டுத் திறந்தால் மறுபடியும் நன்றாக ஓடுகிறது. வைரஸாக இருக்குமா?
(பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்)

பதில்: வைரஸ் அன்று, பஞ்சு. வேலை செய்யும் இடத்தில்தான் மடிக்கணினியை நாள் முழுவதும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துணி வெட்டும் இடத்திலும் நிட்டிங் எந்திரங்களின் அருகிலும் காற்றில் மிதக்கும் பஞ்சிழைகளைக் கணினியின் விசிறி நாள்தோறும் உள்ளிழுக்கிறது. அவை வெளியேறும் வழியில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையே சிக்கி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பல்லடம் பக்கம் தறிக்கூடம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கணினியை முன்பு நான் திறந்தபோது, அந்தத் தகடுகளின் மீது கம்பளித் துண்டை ஒட்டிவைத்தது போல ஒரு படலம் இருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் போகவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போதாது.

சுத்தம் செய்த பிறகும் ஓரளவு வேகக்குறைவு இருக்கலாம். அது பழுது அன்று. மெல்லிய மடிக்கணினிகளின் பிராசசர்கள் நீண்ட நேரம் ஓடும்போது 15 வாட் அளவுக்குள் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. முதல் சில நொடிகளோ நிமிடங்களோ அதைத் தாண்ட அனுமதித்து, பிறகு இழுத்துப் பிடிக்கும். அந்த 15 வாட்டைப் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே உலையிலிருந்து சோறு உண்பவர்களாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒரு விந்தையான வழி உண்டு. முதல் பதிலில் சொன்ன சோதனையில் கிராபிக்ஸ் பிரிவுதான் சிக்கியது என்று உறுதியானால், விண்டோஸ் மின்சார அமைப்புகளில் பிராசசரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 விழுக்காடாகக் குறைத்துப் பாருங்கள். டர்போ என்னும் தற்காலிகக் கூடுதல் வேகம் நின்றுவிடும், பிராசசர் விட்டுக்கொடுத்த வாட்டைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், சூடும் குறையும். பிராசசர்தான் சிக்கியிருந்தால் இதே மாற்றம் நிலைமையை மோசமாக்கும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது.

சார்ஜரை மாட்டியே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் இன்னும் குறைத்துக்கொள்ளும். மெத்தை மீது வைத்து விளையாடுவதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

கேள்வி: கேம்கியூப் விளையாட்டுகளுக்கான டால்ஃபின் எமுலேட்டரில் புதிய இடத்துக்குள் நுழையும்போதும், புதிய வெடிப்போ தீயோ வரும்போதும் அரை நொடி உறைந்து நிற்கிறது. அதே காட்சி இரண்டாம் முறை வரும்போது தடங்கல் இல்லை. மற்ற நேரங்களில் முழு வேகம். என்ன செய்யலாம்?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நோயை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். கேம்கியூபின் கிராபிக்ஸ் சில்லில் வண்ணங்களைக் கலக்கும் பகுதிக்கு 16 படிகள் வரை உண்டு. ஒவ்வொரு விளையாட்டும் அவற்றைத் தன் விருப்பம்போல் இணைத்துக்கொண்டது. கன்சோலில் அது சுவிட்சைத் திருப்புவது போன்ற வேலை. கணினியிலோ ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் ஷேடர் என்னும் சிறு நிரலை எழுதி, கிராபிக்ஸ் டிரைவர் அதைத் தொகுத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் நீங்கள் காணும் உறைவு. தொகுத்தவை சேமிக்கப்படுவதால் இரண்டாம் முறை தடங்கல் இல்லை.

இதற்காக 2017-இல் டால்ஃபின் குழுவினர் ஊபர்ஷேடர் என்னும் முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லா இணைப்புகளையும் ஒரே பெரிய நிரலால் பாவித்துவிடும் அந்த முறை அறிவுக்கு விருந்து. ஆனால் அதன் முழுச் சுமையும் கிராபிக்ஸ் பிரிவின் தலையில் விழுவதால் ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொகுப்பு முடியும் வரை அந்தப் பொருளை வரையாமல் தாண்டிப் போகும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கணநேரம் ஒரு மரமோ தீயோ காணாமல் போய்த் தோன்றும், விளையாட்டு நிற்காது. கூடவே, தொடங்கும் முன்பே ஷேடர்களைத் தொகுக்கும் அமைப்பையும் இயக்கிவிட்டால், முன்பு கண்ட காட்சிகளுக்கானவை தயாராக இருக்கும்.

கேள்வி: எமுலேட்டர் படம் வரைவதற்கான வழிகளாக வல்கன், டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல் என்று மூன்று இருக்கின்றன. எதை வைப்பது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விண்டோஸில் இன்டெல் 6-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் என்றால் முதலில் வல்கன், அதற்கு முந்தையது என்றால் டைரக்ட்3டி 11. இன்டெல் கிராபிக்ஸுக்கு விண்டோஸில் ஓபன்ஜிஎல் கடைசித் தேர்வு. தேர்ந்தெடுக்கும் முன் கிராபிக்ஸ் டிரைவரை, கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தோ புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபிரேம் வேகத்தைக் கூட்டும் பூஸ்டர் மென்பொருள் விளம்பரத்தில் வருகிறது. வாங்கலாமா?
(வாசகர், கரூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஐயா, அரசுப் பள்ளியில் படித்தபோது என் மகளுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா இருக்கிறது. 2 ஜிபி ரேம்தான். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அதில் ஏதாவது பழைய விளையாட்டு ஆட முடியுமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: முடியும், அம்மா, எதைக் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2-ஐயும் கேம்கியூபையும் மறந்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 1, கேம்பாய் அட்வான்ஸ், அதற்கு முந்தைய பெட்டிகளின் விளையாட்டுகள் ஓடும். பிஎஸ்பி விளையாட்டுகளில் எளியவற்றைப் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் முயலலாம். அந்தக் கருவியின் திரையே 480-க்கு 272 புள்ளிகள்தான் என்பதால், ரெசல்யூஷனை 1 மடங்கில் வைத்தால் பழைய கிராபிக்ஸுக்கும் அது தாங்கும் சுமை. குறைந்தால் ஒரு ஃபிரேம் விட்டு வரையும் அமைப்பை இயக்கிக்கொள்ளலாம். விளையாடும்போது பிரௌசரை மூடிவைக்கச் சொல்லுங்கள். 2 ஜிபியில் இரண்டுக்கும் இடமில்லை.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சிறிய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். ஐ5-3470 பிராசசர், 8 ஜிபி ரேம் இரண்டு துண்டாக. நீங்கள் எழுதும் சோதனையைச் செய்ததில் கிராபிக்ஸ்தான் சிக்குகிறது. இயல்பு ரெசல்யூஷனிலும் சில பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகள் தடுமாறுகின்றன. இதில் மலிவான கார்டு ஒன்று போட்டால் பயன் உண்டா?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: உண்டு. ஆன்போர்டிலேயே காலம் தள்ளுங்கள் என்று இந்தப் பக்கம் முழுவதும் சொல்லிவந்த நான், உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். உங்கள் பிராசசரின் 4 கோர்களும் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் பிளேஸ்டேஷன் 2-இன் பல விளையாட்டுகளுக்கு இன்றும் போதும். அதனோடு வரும் எச்டி 2500 கிராபிக்ஸ்தான் மிகவும் மெலிந்தது. இதில் அமைப்புகளைத் திருகி நேரத்தை வீணாக்குவதில் பயனில்லை.

சிறிய பெட்டி என்பதால் உயரம் குறைந்த கார்டாகவும், தனி மின்கம்பி கேட்காததாகவும் இருக்க வேண்டும். என்விடியா ஜிடி 1030 இதற்குப் பொருந்தும்; சுமார் 30 வாட்டில் ஓடுவதால் பழைய பவர் சப்ளையும் தாங்கும். ஆனால் அதே பெயரில் இரண்டு வகைகள் விற்பனையாயின. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது நொடிக்கு 48 ஜிபி தரும். பிறகு வந்த டிடிஆர்4 வகை தருவது 16.8 ஜிபி மட்டுமே. அதாவது உங்களிடம் இப்போதுள்ள இரட்டை ரேமின் போக்குவரத்தைவிடவும் அது குறைவு. பழைய கார்டாக வாங்கினால் விற்பவரின் வாய்ச்சொல்லை ஏற்காமல், பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்; பெட்டி இல்லை என்றால், கடையிலேயே ஒரு கணினியில் மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளில் நினைவக வகையைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.